மௌன ஓட்டம்

ஆறு மாதம் அது வாய் திறக்கக் கூடாது.
அதுதான் ஒப்பந்தம்.

தலைநகரில் நாற்பதாயிரம் பேரின்
ரத்த அணுக் கணக்கைத் தின்று வளர்ந்த மாதிரி.
கீமோ ஏறிய முப்பது நாளுக்குள்
யார் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு வருவார் என்று
முன்கூட்டியே சொல்லுமாம்.
ஏட்டுச் சுரைக்காயா, கறிக்கு ஆகுமா
என்று பார்க்கத்தான்
காஸ்ட்ரோ மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
அதை ஓடவிட்டோம்.
தினமும் காலை ஆறு மணிக்கு
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண் எழுதும்.
மருத்துவருக்குக் காட்டாது. செவிலியருக்குக் காட்டாது.
சாவி என்னிடம்.
எனக்கும் தடை.

டிசம்பரில் திறந்தேன்.

ஓர்த்தென்சியோ மில்யலோங்கோ,
மட்டிப் பண்ணையில் கயிறு இழுப்பவர்.
ஜூலை ஒன்பது, செவ்வாய்: 0.68.
ஜூலை பன்னிரண்டு, வெள்ளி இரவு:
கடைசிப் படகில், மகனின் மழைக்கோட்டுக்குள்
நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.
ஞாயிறு விடிவதற்குள் படுக்கை காலி.

இடையில் மூன்று நாள்.
வெறும் சளிதான் என்று
விறகடுப்புக்குப் பக்கத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்ட
அந்த மூன்று நாளும்
கீழ்த்தளத்தில் அந்த எண் உட்கார்ந்திருந்தது,
விடை தெரிந்தும்
கை தூக்கக் கூடாதென்று சொல்லப்பட்ட பிள்ளையாக.

நெறிமுறைக் குழுவின் தாளை எடுத்து மறுபடி படித்தேன்.
எல்லாம் முறையாகத்தான் இருந்தது,
என் கையெழுத்து உட்பட.

இன்றைக்கே இதைப் பேசவிடுங்கள் என்று
மேலே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.
அடுத்த பக்கத்தில் ரோசால்பா இருந்தாள்: 0.81.
அந்த வாரம் முழுக்க அவள்
தேவாலயக் கூரையில் ஏறி மரச் சில்லு அடித்துக்கொண்டிருந்தாள்.
ஒரு தும்மல் கூட இல்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த எதெல்மிரா
பட்டியலைக் கீழிருந்து மேலே படித்தாள்.
இருபத்தொரு வருடம் இந்த வார்டில் ஊசி போட்டவள்;
யாரும் பார்க்காத மூலையைத்தான் முதலில் பெருக்குவாள்.
அலாவோ தீவு, 0.05. கெனாக், 0.06. அபியாவோ, 0.07.
"எங்கள் தீவுக்காரர்கள் அவ்வளவு திடகாத்திரமா?" என்றாள்,
சிரிக்காமல்.
பிறகு என் பேனாவை வாங்கி
குளிர்காலத்தில் துறைமுகம் மூடிய நாட்களை
நினைவிலிருந்தே எழுதினாள்.
தாளின் பின்பக்கமும் தேவைப்பட்டது.

தலைநகரில் உடம்பு முடியாதவர் பஸ் ஏறி வந்துவிடுவார்.
வராதவர் நலம்.
அது படித்த பாடம் அவ்வளவுதான்.
இங்கே வராதவர் என்றால் காற்று.
வராதவர் என்றால் படகுக் கூலி.
சிலசமயம் வராதவர்
வேறொரு அலுவலகத்தின் பதிவேட்டுக்கு
வந்து முடித்திருப்பார்.

"வைத்துக்கொள்வதா, தூக்கி எறிவதா?"
டாக்டர் பர்ரியாவுக்கு ஒரு சொல்லில் பதில் வேண்டும்.
என்னிடம் இரண்டு இருந்தன.
இரண்டுக்குப் பின்னாலும் ஓர் ஆள் செத்திருந்தார்.

காற்றுக்கு ஒரு பத்தி சேர்த்தோம்.
படகு நேரங்களுக்கு ஒன்று.
மறுபடி மௌனம், நான்கு மாதம்;
இந்த முறை குழுவிடம் கெஞ்சி ஒரு சலுகை:
0.60-ஐத் தாண்டினால் மட்டும்
அது ஒரு கதவைத் தட்டலாம்.

மே மாதம். ஐந்தாவது வாரம்
பேச உரிமம் கிடைத்து, திரை எல்லோருக்கும் தெரிகிறது.
அபியாவோவில் ஒரு பெயர், 0.44.
தட்ட வேண்டியதில்லை என்கிறது விதி.
எதெல்மிரா எண்ணைப் பார்க்கிறாள்,
ஜன்னல் வழியே வளைகுடாவைப் பார்க்கிறாள்,
மாலை நான்குக்குத் துறைமுகம் மூடும் என்ற அறிவிப்பைப் பார்க்கிறாள்.
தொலைபேசியை எடுக்கிறாள்.

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.
"தெர்மாமீட்டர் எங்கே வைத்திருக்கிறீர்கள்?
போய் எடுத்து வாருங்கள். நான் லைனில் இருக்கிறேன்."

ஒலிபெருக்கியில் காற்று.
இழுப்பறை திறக்கும் சத்தம்.
கரண்டிகள், இன்னும் கரண்டிகள்.